1098 என்றால் எந்த வருஷம்? நாஞ்சில் நாட்டுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அண்ணன் மகனுக்குத் தஞ்சாவூர்ப் பக்கம் பெண் எடுத்தோம். கல்யாணம் முடிந்த மூன்றாம் மாதம், பரணில் கிடந்த தகரப் பெட்டியை ஒதுங்க வைக்கும்போது பழைய விலையாதாரம் ஒன்று, அதாவது நிலம் விற்ற பத்திரம், அவள் கையில் சிக்கியது. இங்கே பத்திரத்தை ஆதாரம் என்போம். சங்கு முத்திரை போட்ட தாள். மேலே "1098-ம் ஆண்டு தனு மாதம் 22-ம் தேதி" என்று இருந்தது. "சின்ன மாமா, 1098னா குலோத்துங்க சோழன் காலமாச்சே. அப்ப ஏது முத்திரைத்தாள்?" என்று கேட்டாள்.

நல்ல கேள்வி. இங்கே மருமகளாக வருபவர்கள், மாற்றலாகி வரும் ஆசிரியர்கள், வருவாய்த்துறை ஊழியர்கள், நிலம் வாங்க வருபவர்கள் எல்லோருக்கும் ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் இந்தக் கேள்வி வரும். ஒரே நிலத்துக்கு ஆதாரத்தில் ஒரு வருஷம், கரம் (நில வரி) தீர்த்த ரசீதில் வேறு வருஷம், கல்யாணப் பத்திரிகையில் இன்னொரு வருஷம் என்று இருந்தால் யாருக்கும் தலை சுற்றும். அவளுக்கு உட்கார வைத்துச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். அடிப்படை ஒன்றுதான்: எந்தக் கணக்கு என்று பாருங்கள், அடுத்து மாதத்தைப் பாருங்கள், கடைசியாகத்தான் வருஷத்தைக் கூட்டுங்கள். எண்ணைப் பார்த்ததும் கூட்டத் தொடங்கினால் தவறு வரும்.

எந்தக் கணக்கு என்று கண்டுபிடிப்பது

ஆதாரத்தில் உள்ள எண்ணுக்குப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். சிங்ஙம், கன்னி, துலாம், தனு, மகரம் என்று ராசிப் பெயரில் மாதம் இருந்தால் அது கொல்லம் ஆண்டு. இங்கே பெரியவர்கள் மலையாள வருஷம் என்பார்கள். சில தாளில் கொ.ஆ. அல்லது ம.ஆ. என்று இருக்கும். திருவிதாங்கூர் அரசின் ஆங்கிலத் தாள்களில் எம்.ஈ. என்று போட்டிருப்பார்கள். மூன்றும் ஒன்றே.

மாதமே இல்லாமல் 1366, 1400, 1434 என்று நில வரி ரசீதிலோ, கிராமத்துப் பயிர்க் கணக்கான அடங்கலிலோ இருந்தால் அது பசலி. எண்ணே இல்லாமல் தாது, துந்துபி, துர்முகி என்று பெயர் மட்டும் இருந்தால் அறுபது வருஷச் சுற்று. எண் 5000-ஐத் தாண்டினால் கலியுகம். சகாப்தம் என்ற சொல் இருந்தால் சக ஆண்டு. தமிழக அரசுத் தாளில் 2050-ஐ ஒட்டிய எண் தி.பி. என்றோ திருவள்ளுவர் ஆண்டு என்றோ வரும்.

இத்தனையும் ஒரே நாளுக்குப் பொருந்தும். 2025 தீபாவளியை எடுத்துக்கொள்ளுங்கள், அக்டோபர் 20. அன்று கொல்லம் 1201 துலாம், விசுவாவசு வருஷம் ஐப்பசி, பசலி 1435, திருவள்ளுவர் ஆண்டு 2056, சகம் 1947, கலி 5126, ஹிஜ்ரி 1447. பட்டாசு வெடித்த நாள் ஒன்றுதான். எங்கிருந்து எண்ணத் தொடங்கினார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

கொல்லம் ஆண்டு

இந்தப் பகுதியில் உங்களுக்கு அதிகம் வேண்டியது இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன். கன்னியாகுமரி மாவட்டத்தின் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய பழைய நான்கு தாலுகாக்களும் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரிலும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தவை. செங்கோட்டையும் அப்படித்தான். ஆகவே அதற்கு முந்தைய ஆதாரம், ஒற்றிப் பத்திரம், கோர்ட்டுத் தீர்ப்பு பெரும்பாலும் கொல்லம் ஆண்டில்தான் இருக்கும்.

கொல்லம் ஆண்டு கி.பி. 825-ல் தொடங்குகிறது. ஒவ்வொரு வருஷமும் சிங்ஙம் 1-ல், அதாவது நம் ஆவணி முதல் தேதியில், ஆகஸ்ட் 17-ஐ ஒட்டி எண் மாறும். ஜனவரியில் மாறாது, சித்திரையிலும் மாறாது. ஏப்ரலில் விஷு வருகிறதே, அதுதானே மலையாள வருஷப் பிறப்பு என்று பலர் நினைக்கிறார்கள். விஷுவன்று கணி காண்பார்கள், கைநீட்டம் கொடுப்பார்கள், ஆனால் கொல்லம் எண் அசையாது. அது ஆவணிக்காகக் காத்திருக்கும்.

இதிலிருந்து கூட்டும் முறை தானாக வருகிறது. சிங்ஙம் முதல் டிசம்பர் முடிய உள்ள தேதிக்கு 824 கூட்டுங்கள். ஜனவரி முதல் கர்க்கடகம் முடிய 825 கூட்டுங்கள்.

சோதித்துப் பார்க்க நமக்குத் தெரிந்த நாட்கள் உண்டு. எல்லாச் சாதி இந்துக்களுக்கும் கோயிலைத் திறந்துவிட்ட அரச அறிவிப்பான திருவிதாங்கூர் ஆலயப் பிரவேச விளம்பரம் 1112 துலாம் 27-ல் வந்தது. துலாம் என்றால் ஐப்பசி, ஆகவே 824. கிடைப்பது 1936, நாள் நவம்பர் 12. அடுத்தது கேரளத்தில் இன்றும் பேசப்படும் "தொண்ணூற்றொன்பது வெள்ளம்". பேச்சில் ஆயிரத்தை விட்டுவிட்டு 99 என்பார்கள், உண்மையில் 1099. வெள்ளம் வந்தது கர்க்கடக மாதம், நம் ஆடி. ஆகவே 825. கிடைப்பது 1924, ஜூலை. எங்கள் ஆச்சியும் இப்படித்தான் ஆயிரத்தை விழுங்கிவிட்டு, "நூத்திப் பன்னெண்டுல கோயில் திறந்தப்போ" என்பாள். பெரியவர்களிடம் வயதோ வம்சமோ கேட்கும்போது இப்படி ஆயிரம் இல்லாமல் வரும் எண்ணுக்கு நீங்களே ஆயிரத்தைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மாதப் பெயர்களையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சிங்ஙம் ஆவணி, கன்னி புரட்டாசி, துலாம் ஐப்பசி, விருச்சிகம் கார்த்திகை, தனு மார்கழி, மகரம் தை, கும்பம் மாசி, மீனம் பங்குனி, மேடம் சித்திரை, இடவம் வைகாசி, மிதுனம் ஆனி, கர்க்கடகம் ஆடி. சூரியன் எந்த ராசியில் நிற்கிறதோ அதன் பெயரை மலையாள மாதம் வைத்துக்கொண்டது. தமிழ் மாதம் பௌர்ணமியை ஒட்டி வரும் நட்சத்திரத்தின் பெயரை வைத்துக்கொண்டது. பெயர்தான் வேறு, இரண்டும் ஒரே சூரிய மாதம். திருநெல்வேலிப் பக்கத்தில் கொல்லம் ஆண்டைத் தமிழ் மாதத்தோடு சேர்த்தே எழுதும் வழக்கமும் உண்டு. அங்கேயும் ஆவணி முதல் தேதியில்தான் எண் மாறும்.

இப்போது தனு மாதத்துக்கு வருகிறேன். ஏமாற்றுவது இந்த மாதம்தான். தனு முதல் தேதி டிசம்பர் 16-ஐ ஒட்டி வரும். தனு 16, 17 தேதிக்குள் ஜனவரி பிறந்துவிடும். அதாவது ஒரே தனு மாதத்தின் முதல் பாதிக்கு 824, பின் பாதிக்கு 825. மருமகள் கையில் இருந்த ஆதாரம் 1098 தனு 22. ஆகவே 825 கூட்டி 1923, ஜனவரி முதல் வாரம்.

இதே ஆதாரத்தில் நான் ஒருமுறை தவறு செய்திருக்கிறேன். ஒரு கடனுக்காக ஆவணப் பட்டியல் எழுதியபோது தனு என்றால் டிசம்பர் என்ற நினைப்பில் 824 கூட்டி 1922 என்று எழுதிக் கொடுத்தேன். பின்னால் வந்த ஓர் ஆதாரம் இதையே 1923 என்று குறிப்பிட்டிருந்தது. சரிபார்த்தவர்களுக்கு இது இரண்டு வேறு ஆவணமோ, ஒன்று காணாமல் போயிற்றோ என்ற சந்தேகம் வந்துவிட்டது. அந்தச் சந்தேகம் தீரும்வரை மூன்று வாரம் வேலை நின்றது. அந்த அலைச்சலை வேறு யாரும் படக்கூடாது என்பதற்காகவே தனுவைப் பற்றி இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

மாதமே தெரியவில்லை என்றால் ஊகித்து ஒற்றை வருஷமாக எழுதாதீர்கள். இரண்டையும் சேர்த்து எழுதுங்கள். திருவிதாங்கூர்ச் சட்டங்களை வக்கீல்கள் கொல்லம் எண்ணாலேயே சொல்வார்கள்: நாயர் சட்டம் 1100-ன் 2, ஈழவர் சட்டம் 1100-ன் 3, நாஞ்சில்நாட்டு வேளாளர் சட்டம் 1101-ன் 6. இந்த 1101-ஐ 1925-26 என்று எழுதுவதுதான் நேர்மை. மருமக்கள் வழியாக, அதாவது சகோதரி பிள்ளைகளுக்கு, சொத்து இறங்கிய குடும்பங்களில் ஒரு ஆதாரம் இந்தச் சட்டத்துக்கு முந்தியதா பிந்தியதா என்பது பெரிய விஷயம். ஒரு வருஷம் பிசகினால் பங்கைப் பற்றிய பேச்சே வேறு பக்கம் போய்விடும்.

வடக்கு மலபார் ஆதாரம் கையில் வந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். அங்கே பழைய வழக்கப்படி வருஷம் கன்னி முதல் தேதியில்தான் மாறும். ஆகவே அந்தப் பக்கத்துச் சிங்ஙம் மாதம் பழைய வருஷத்தின் கடைசி மாதம். அதற்கு 825 கூட்ட வேண்டும். நம் தெற்குப் பகுதியில் இந்தச் சிக்கல் இல்லை.

ஒரு நாள் வித்தியாசம் வந்தால் பயப்படாதீர்கள்

சில வருஷம் தமிழ்ப் புத்தாண்டு ஏப்ரல் 14, விஷு ஏப்ரல் 15 என்று வரும். 2023-ல் அப்படித்தான் வந்தது. காரணம் இதுதான்: சூரியன் ராசிக்குள் நுழையும் நேரம் சூரிய அஸ்தமனத்துக்கு முன்னால் இருந்தால் தமிழ்க் கணக்கில் அன்றே மாதப் பிறப்பு. மலையாளக் கணக்கில் உதயத்திலிருந்து 18 நாழிகைக்குள், அதாவது ஏறக்குறைய பகல் ஒன்றேகால் மணிக்குள் நுழைந்தால்தான் அன்று பிறப்பு, இல்லாவிட்டால் மறுநாள். ஆக, பிற்பகலில் சங்கராந்தி விழும் மாதங்களில் கேரள எல்லையான களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் தேதி 2 என்றால் அந்தப் பக்கம் 1. பழைய தாளில் துலாம் 26 என்றும் ஐப்பசி 27 என்றும் ஒரே நாளுக்கு இருந்தால் யாரும் பொய் எழுதவில்லை என்று புரிந்துகொள்ளுங்கள்.

இன்னும் பழைய காலத்துக்குப் போனால், மாதப் பிறப்பு ஆங்கிலத் தேதியில் இன்றைவிட முன்னதாகவே விழும். ஏறக்குறைய 60, 70 வருஷத்துக்கு ஒரு நாள். திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா நாட்டைப் பத்மநாபசுவாமிக்கு ஒப்புக்கொடுத்த திருப்படித்தானம் 925 மகரம் 5. இன்றைய கணக்கை வைத்து ஜனவரி 19 என்று நாள் வரை துல்லியமாக எழுதிவிடக் கூடாது. 1750 ஜனவரி என்பதோடு நிறுத்திக்கொண்டு, நாள் வேண்டுமென்றால் அந்த வருஷத்துப் பஞ்சாங்கத்தைப் பாருங்கள்.

பெயர் மட்டும் இருந்தால்

பிரபவ முதல் அட்சய வரை அறுபது பெயர். வருஷம் சித்திரை 1-ல் மாறும். கண்டுபிடிக்க எளிய வழி: ஆங்கில வருஷத்திலிருந்து 1866-ஐக் கழித்து 60-ஆல் வகுங்கள். மீதி வருவதுதான் வரிசை எண். மீதி இல்லையென்றால் அறுபதாவதான அட்சய. ஜனவரி முதல் பங்குனி முடிய உள்ள தேதியென்றால் முதலில் ஆங்கில வருஷத்தில் ஒன்றைக் குறைத்துக்கொள்ளுங்கள். 1923 ஜனவரி ஆதாரத்துக்கு 1922 என்று வைத்தால் மீதி 56, துந்துபி. அறுபது பெயரும் மனப்பாடம் இல்லாதவர்கள் பத்துப் பத்தாகப் படிக்கட்டு வைத்துக்கொள்ளலாம்: 1987 பிரபவ, 1997 ஈஸ்வர, 2007 சர்வஜித், 2017 ஹேவிளம்பி, 2027 பிலவங்க, 2037 பிங்கள. நடுவில் உள்ளதைப் பஞ்சாங்கத்தின் முன்பக்கத்தில் எண்ணிக்கொள்ளலாம்.

பெயரின் குறை, அது திரும்பத் திரும்ப வருவதுதான். தாது வருஷப் பஞ்சம் என்று பாட்டிமார் சொல்லி அழுததே, அது 1876. அடுத்த தாது 1936. ஆலயப் பிரவேசம் நடந்த வருஷம். அதற்கடுத்தது 1996. பெயரை மட்டும் வைத்து ஒரு ஆவணத்துக்கு வயது சொல்லவே கூடாது. எழுதியவர் யாருடைய பேரன், முத்திரைத்தாளில் எந்த ராஜா, காசு ரூபாயா, பழைய திருவிதாங்கூர் நாணயங்களான பணமா சக்கரமா என்று பக்கத்துச் சாட்சியைத் தேடுங்கள். சுற்று எது என்று அது சொல்லிவிடும்.

தெலுங்கு பேசும் வீடுகளிலும் இதே அறுபது பெயர்தான். ஆனால் அவர்களுக்கு உகாதியன்றே பெயர் மாறிவிடும். 2025-ல் உகாதி மார்ச் 30, நமக்குச் சித்திரை 1 ஏப்ரல் 14. இடைப்பட்ட நாட்களில் அவர்களுக்கு விசுவாவசு, நமக்கு இன்னும் குரோதி. வடநாட்டில் வியாழன் கிரகத்தின் ஓட்டத்தைப் பின்பற்றி எண்ணுவதால் அங்கே ஓடும் பெயரே வேறு. வடக்கே அச்சான பஞ்சாங்கத்தை வைத்து நம் ஊர் வருஷப் பெயரைத் தேட வேண்டாம்.

பசலி

1956-க்குப் பிறகு நம் மாவட்டமும் தமிழக வருவாய்க் கணக்குக்குள் வந்தது, பசலியும் கூடவே வந்தது. ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை ஒரு பசலி. ஜூலை முதல் டிசம்பர் வரையான தேதிக்கு 590 கூட்டினால் ஆங்கில வருஷம், ஜனவரி முதல் ஜூன் வரை 591. மாவட்டம் இணைந்த அந்த 1956 நவம்பர் 1, கொல்லத்தில் 1132, தமிழில் துர்முகி, பசலியில் 1366. ஜமாபந்திக்கு, அதாவது வருஷாந்திர வருவாய்க் கணக்குத் தணிக்கைக்கு, போகிறவர்கள் ஆங்கில வருஷத்தை விட்டுவிட்டு "பசலி 1434-க்குக் கரம் தீர்த்தாச்சு" என்று சொல்லப் பழகிக்கொண்டால் வேலை சீக்கிரம் நடக்கும்.

இது ஏன் இப்படி ஒரு எண்? அக்பர் காலத்தில் ஹிஜ்ரி ஆண்டை எடுத்து அறுவடைக்குப் பொருந்தும்படி சூரிய வருஷமாக ஓட விட்டார்கள். ஹிஜ்ரி சந்திரக் கணக்கு. வருஷத்துக்கு 354 நாள். அதில் வரி கேட்டால் சில வருஷத்திலேயே கதிர் முற்றுவதற்கு முன் வசூல் தேதி வந்து நிற்கும். பயிர் வைத்தவனுக்கு அது எவ்வளவு கொடுமை என்று யோசித்தால் பசலி எவ்வளவு நல்ல ஏற்பாடு என்று தெரியும். பசலியும் ஹிஜ்ரியும் பக்கத்துப் பக்கத்து எண்ணாக இருப்பதற்கும் இதுதான் காரணம். 2025 தீபாவளியன்று பசலி 1435-க்கும் ஹிஜ்ரி 1447-க்கும் இருந்த இடைவெளி வருஷம் போகப் போக விரியும். பள்ளிவாசல் ஆவணத்தில் உள்ள எண்ணைப் பசலி என்று எடுத்துவிடாதீர்கள். ஹிஜ்ரியை ஒரே எண்ணைக் கூட்டி மாற்றவும் முடியாது. அட்டவணையைத்தான் பார்க்க வேண்டும்.

மற்றவை

திருவள்ளுவர் ஆண்டுக்கு ஆங்கில ஆண்டோடு 31 கூட்டினால் போதும். தை முதல் தேதியில் மாறும். 2008-ல் தமிழ்ப் புத்தாண்டையே தை 1-க்கு மாற்றிச் சட்டம் வந்து, 2011-ல் அது நீக்கப்பட்டது. அந்த இடைக்காலத்துப் பத்திரிகைகளைப் பார்க்கும்போது இது நினைவில் இருக்கட்டும்.

சக ஆண்டுக்கு 78 கூட்டினால் ஆங்கில ஆண்டு. ஜனவரியிலிருந்து வருஷப் பிறப்பு வரை 79. மத்திய அரசின் தேசிய நாட்காட்டி 1957 மார்ச் 22-ல் சகம் 1879 என்று தொடங்கியது. கோயில் கல்வெட்டில் சகாப்தம் வந்தால் "சென்ற" என்று இருக்கிறதா, "செல்லாநின்ற" என்று இருக்கிறதா என்று பாருங்கள். முன்னது முடிந்த ஆண்டு, பின்னது ஓடிக்கொண்டிருக்கும் ஆண்டு. ஒரு வருஷம் வித்தியாசப்படும். கலியாண்டு பஞ்சாங்கத்தில் பொதுவாக முடிந்த ஆண்டாகவே வரும்: ஆங்கில ஆண்டோடு 3101. சோழர், பாண்டியர் கல்வெட்டில் "யாண்டு" என்று வருவது அரசன் பட்டத்துக்கு வந்ததிலிருந்து எண்ணியது. பாண்டியர் கல்லில் "எதிராமாண்டு" என்று இரண்டு எண் இருந்தால் இரண்டையும் கூட்ட வேண்டும். எந்த அரசன் என்று தெரியாமல் இதில் இறங்க வேண்டாம்.

எண்ணைப் படிப்பதே கஷ்டமாக இருந்தால்

ஓலையிலும் பழைய தாளிலும் தமிழ் இலக்கம் இருக்கும். ௲ ஆயிரம், ௱ நூறு, ௰ பத்து. இடத்தை வைத்து மதிப்பு சொல்லும் முறை இல்லை; ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்வதுபோல எழுதுவார்கள். ௲௯௰௯ என்றால் ஆயிரத்துத் தொண்ணூற்றொன்பது. ௲௱௰௨ என்றால் ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு. ௧ பார்க்கக் க போலவும், ௭ எ போலவும், ௮ அ போலவும் இருப்பதால் எழுத்தென்று நினைத்துத் தாண்டிவிடுவோம். எண்ணுக்குப் பின்னால் ௵ இருந்தால் வருஷம், ௴ மாதம், ௳ தேதி. தட்டச்சுத் தாளில் மாதக் குறிக்குப் பதிலாக மீ என்றும், தேதிக் குறிக்குப் பதிலாக உ என்றும் இருக்கும். "நவம்பர் மீ 12உ" என்பது எழுத்துப் பிழையல்ல.

சரிபார்ப்பு

மாற்றி முடித்ததும் கிழமையைப் பாருங்கள். எல்லாக் கணக்கிலும் மாறாதது கிழமை மட்டும்தான். ஆதாரத்தில் வியாழாழ்ச்சை என்றோ வியாழக்கிழமை என்றோ இருந்து, நீங்கள் கண்டுபிடித்த ஆங்கிலத் தேதியும் வியாழன் என்றால் நிம்மதி. ஆலயப் பிரவேச விளம்பரத்தின் 1936 நவம்பர் 12-ம் வியாழன்தான். கைபேசி நாட்காட்டியில் பின்னோக்கித் தள்ளினால் நூறு வருஷத்துக் கிழமையும் தெரிந்துவிடும். ஒரு நாள் பிசகினால் சங்கராந்தி வித்தியாசம். ஒரு வருஷம் தள்ளிப் பார்க்கும்போதுதான் கிழமை பொருந்துகிறது என்றால் 824-ஐயும் 825-ஐயும் மாற்றிக் கூட்டியிருக்கிறீர்கள்.

கண்டுபிடித்த தேதியை ஆதாரத்தின் மேலே பேனாவால் எழுதிவிடாதீர்கள். தனித் தாளில், மூலத்தில் இருந்தபடியே முதலில் எழுதி, அதன் கீழே மாற்றிய தேதியை எழுதி, எத்தனை கூட்டினீர்கள் என்பதையும் குறித்து வையுங்கள். எங்கள் மருமகள் எழுதிய சீட்டு இப்படி இருக்கிறது: "கொல்லம் 1098 தனு 22. தனு பின் பாதி, ஆகவே 825. கி.பி. 1923 ஜனவரி. துந்துபி மார்கழி. கிழமை பார்க்க வேண்டும்." ஆதாரத்தின் மூன்றாம் பக்கத்தில் கிழமை இருக்கிறது; அங்கே கரையான் தின்ற இடத்தை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் படித்துக்கொண்டிருக்கிறாள்.